குரைக்கிற நாய் கடிக்காதா? நாய் ஏன் கடிக்கிறது, கடித்தால் என்ன செய்யணும்?

இரவு எட்டு மணி. டியூஷன் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்புகிறீர்கள். தாமான் முனையில் குப்பைத் தொட்டி பக்கத்தில் படுத்திருந்த மூன்று நாய்கள் திடீரென எழுந்து உங்கள் காலைப் பார்த்து ஓடி வருகின்றன. என்ன செய்வீங்க?

பெரும்பாலோர் வேகத்தைக் கூட்டுவார்கள், இல்லையென்றால் காலால் உதைக்கப் பார்ப்பார்கள். இரண்டுமே சிக்கல்தான். வேகமாக நகர்வதைத் துரத்துவது நாயின் இயல்பு. அதோடு, அந்த முனை அவற்றின் 'ஏரியா'. நீங்கள் வேகத்தைக் கூட்டக் கூட்ட அவற்றுக்கும் வேகம் வரும். உதைக்கப் போனால் வண்டியின் பிடி தவறும், கடியைவிட விழுந்த அடி மோசமாக இருக்கலாம். முடிந்தால் மெதுவாக வேகத்தைக் குறைத்து, நேராக ஓட்டுங்க. பல நாய்களுக்கு அங்கேயே ஆர்வம் போய்விடும்.

சரி, நாய் ஏன்தான் கடிக்கிறது? பெரும்பாலும் கோபத்தால் இல்லை, பயத்தால். குட்டி போட்ட தாய் நாய், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நாய், தூக்கத்தில் திடுக்கிட்டு எழுந்த நாய், அடிபட்டு வலியில் இருக்கும் நாய், ஓட வழியில்லாமல் சங்கிலியில் கட்டியிருக்கும் நாய் எல்லாமே கடிக்கலாம். வீட்டில் செல்லமாக வளரும் நாயும் இதில் சேர்த்தி. தெரியாத தெருநாய் மட்டும்தான் கடிக்கும் என்பது நம்முடைய நினைப்பு. சின்னப் பிள்ளைகளைப் பல நேரம் கடிப்பது அவர்களுக்குப் பழக்கமான நாய்தான். அவர்கள் உயரத்துக்குக் கடி முகத்திலோ கழுத்திலோ விழும்.

நாய் முதலில் 'சொல்லும்'

பொதுவாக நாய் எடுத்த எடுப்பில் கடிக்காது. முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பசியே இல்லாமல் உதட்டை நக்கும், தூக்கமே வராமல் கொட்டாவி விடும். பிறகு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்க்கும், உடம்பு கட்டை மாதிரி விறைக்கும். அதுக்கு அப்புறம்தான் உறுமல், பல்லைக் காட்டுவது எல்லாம். வாலை ஆட்டினால் நட்பு என்று நம்பி ஏமாறாதீங்க. வால் மேலே நிமிர்ந்து, விறைப்பாக, சின்னதாக ஆடினால் அது பதற்றம்.

உறுமுகிற நாயை அடித்துத் திருத்தும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அதைவிடத் தவறான பாடம் வேறில்லை. அடி வாங்கிய நாயிடம் உறுமல்தான் நிற்கும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை அது எச்சரிக்காமலே கடிக்கலாம். அப்படியென்றால் 'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழி? தயவுசெய்து அதை நம்பி சோதித்துப் பார்க்காதீங்க.

நடந்து போகும்போது நாய் நெருங்கினால் ஓடாதீங்க, கத்தாதீங்க. கையை உடம்போடு ஒட்டி, மரம் மாதிரி நில்லுங்க. அதன் கண்ணை முறைக்காமல் பார்வையைத் தாழ்த்துங்க. அது விலகத் தொடங்கியதும் முதுகைக் காட்டாமல் மெதுவாகப் பின்வாங்குங்க. பை, குடை, சைக்கிள் எதுவானாலும் நடுவில் வைத்துக்கொள்ளலாம். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்ளுங்கள். கல் எடுக்கிற மாதிரி குனிவது சில நாய்களிடம் பலிக்கும்தான். ஆனால், குனியும்போது உங்கள் முகம் நாயின் வாய்க்கு நேராக வருகிறது.

கடித்துவிட்டால்

உடனே சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. சும்மா நனைப்பது போதாது, கைப்பேசியில் டைமர் வைத்துக் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் வேண்டாம். கழுவிவிட்டு நேராகக் கிளினிக் அல்லது மருத்துவமனைக்குப் போங்க. இரத்தம் வராத சின்னக் கீறலாக இருந்தாலும் போகணும்.

ஏன் இவ்வளவு அவசரம்? ரேபிஸ். மனிதர்களுக்கு இந்த நோய் கிட்டத்தட்ட எப்போதுமே நாயிடமிருந்துதான் வருகிறது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நாய்களிடம் இது கண்டறியப்பட்டது. 2017 ஜூலையில் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் பரவல் அறிவிக்கப்பட்டது. அப்போதிலிருந்து சரவாக்கில் 60க்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டார்கள். காயம் சின்னதுதானே என்று உடனே சிகிச்சைக்குப் போகாமல் விட்டவர்கள் அவர்களில் பலர்.

கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போக வழக்கமாக இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சிலருக்கு ஒரே வாரத்தில் போய்விடும், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். அறிகுறி தெரிந்த பிறகு கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. அதற்கு முன்பே முறையாகத் தடுப்பூசி போட்டால் பிழைக்கலாம். ஊசி பல தவணைகளாக இருக்கும், பாதியில் நிறுத்தக்கூடாது. காயம் ஆழமாக இருந்தால், காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் செலுத்துவார்கள்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டு நாய் கீறியதை நான் அம்மாவிடம் சொல்லவே இல்லை. திட்டுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம், தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று தாத்தா சொன்ன கதை இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் வயிற்றில்தான் போட்டார்கள். இப்போது கையில்தான் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் தம்பி தங்கை இருந்தால் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்க. நாய் கடித்ததைச் சொன்னால் யாரும் திட்டமாட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்க.

கடித்தது யாருடைய நாய், அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கா என்று விசாரித்து டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த நாயைக் கொல்லவோ விரட்டவோ வேண்டாம், அதைப் பத்து நாள் கண்காணிக்க வேண்டியிருக்கும். கால்நடைச் சேவைத் துறைக்குத் தகவல் கொடுங்க. ஆனால், அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று உங்கள் முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீங்க.