அவசரப்படாத சிறுமூளை

வளர்ந்த மனிதரின் மூளை எடையில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஏறக்குறைய 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன. அத்தனை அணுக்களையும் சேர்த்துக்கொள்ள அதற்கு நெடுங்காலம் தேவைப்படுகிறது. மூளையில் முன்னதாகத் தொடங்கி, பிந்தி முடியும் பகுதி இது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுமூளையை ஸ்கேனில் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவர்கள் முதலில் மனத்தில் வைக்கவேண்டியது இந்தத் தாமதத்தைத்தான்.

கருவுற்று ஆறாவது வாரத்தை ஒட்டிப் பின்மூளையின் கூரை மெலிந்து விரிகிறது. அந்தக் கூரையின் விளிம்பில்தான் சிறுமூளையின் மிகச் சிறிய அணுக்கள் பிறக்கின்றன. பிறந்த இடத்தில் அவை தங்குவதில்லை. சிறுமூளையின் வெளிப்பரப்பு முழுவதும் ஊர்ந்து பரவி, அங்கே ஓர் அடுக்காகப் படிந்து, மேலும் மேலும் பெருகுகின்றன. பெருகச் சொல்லி உத்தரவு வருவது அடியிலிருந்து. யான் புர்கின்யே 1837இல் பிராகாவில் விவரித்த பெரிய அணுக்கள் கீழே வரிசையாக நின்று, சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதத்தைச் சுரந்து மேலே உள்ளவற்றைத் தூண்டுகின்றன. போதிய அளவு பெருகியதும் சின்ன அணுக்கள் திரும்பி, நார்போன்ற துணையணுக்களைப் பற்றிக்கொண்டு, புர்கின்யே அணுக்களையும் தாண்டி உள்ளே இறங்குகின்றன. வெளியே போய், பெருகி, மறுபடி உள்ளே வரும் இந்தப் பயணம் குழந்தை பிறந்த பிறகும் பல மாதங்கள் நடக்கிறது. 24ஆம் வாரத்திலிருந்து 40ஆம் வாரத்துக்குள் மட்டும் சிறுமூளையின் கன அளவு ஐந்து மடங்காகிறது. மிகவும் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் சிறுமூளை வளர்ச்சி பின்தங்கிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அணுக்களின் இந்தப் பயணம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. தெரிவது வடிவம் மட்டும்: இரண்டு பக்க அரைக்கோளங்கள், அவற்றின் நடுவே வெர்மிஸ் என்னும் பகுதி, அதன் முன்னால் நீர் நிறைந்த நான்காம் மூளையறை. வெர்மிஸ் மேலிருந்து கீழாக வளர்ந்து அந்த அறையை மூடுகிறது. மூடி முடிக்க 18 முதல் 20 வாரம் ஆகும். அதற்கு முன்பு பார்த்தால் கீழே ஓர் இடைவெளி இருக்கும், அது இயல்பு. அதே இடைவெளி 22ஆம் வாரத்திலும் இருந்தால் விசாரிக்கவேண்டிய செய்தி.

அந்தச் செய்தியில் பலரும் அஞ்சும் பெயர் டாண்டி-வாக்கர். 1914இல் வால்டர் டாண்டியும் கென்னத் பிளாக்ஃபேனும், 1942இல் டாகர்ட்டும் வாக்கரும் விவரித்த குறைபாடு இது. வெர்மிஸ் சிறுத்து, மேல்நோக்கித் தூக்கப்பட்டிருக்கும்; நான்காம் அறை பெரிய நீர்ப்பையாகப் பின்மண்டையை நிறைத்திருக்கும். ஆனால் ஏறத்தாழ இதே தோற்றத்தைத் தரும் இன்னொன்றும் உண்டு. பிளேக் பை எனப்படும் மெல்லிய பை உரிய நேரத்தில் திறக்காவிட்டால், முழுமையாக வளர்ந்த வெர்மிஸ்கூட நீரின் அழுத்தத்தில் சற்றே திரும்பி நிற்கும். வேறு குறை எதுவும் இல்லையென்றால் இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். பலருக்குச் சில வாரங்களில் அந்தப் பை தானே திறந்தும்விடும். மூளைத்தண்டுக்கும் வெர்மிஸுக்கும் இடையிலான கோணத்தை அளந்து இரண்டையும் பிரித்தறிய முயல்கிறார்கள். 45 பாகைக்கு மேல் போனால் டாண்டி-வாக்கர் பக்கம் சாய்கிறது. இதற்கு நட்டநடுவே நெடுக்காக வெட்டிய காட்சி வேண்டும். வழக்கமான குறுக்குக் காட்சியில் ஸ்கேன் கருவி சற்றுச் சாய்ந்தாலே, இல்லாத இடைவெளி இருப்பதுபோலத் தோன்றும்.

ஆனால் அதே குறுக்குக் காட்சியில் அளக்கும் சிறுமூளையின் குறுக்களவு கருவின் வயதைச் சொல்கிறது: ஐந்தாம் மாதம் வரை, எத்தனை மில்லிமீட்டரோ ஏறத்தாழ அத்தனை வாரம்.

வெர்மிஸ் சந்தேகத்தில் காத்திருந்து மறுபடி பார்க்கலாம்; காத்திருக்கக்கூடாத குறையும் உண்டு. முதுகுத்தண்டு மூடாத ஸ்பைனா பைஃபிடாவில் மூளைத்தண்டுவட நீர் முதுகு வழியே கசிய, சிறுமூளை கீழே இழுபட்டு மூளைத்தண்டைச் சுற்றி வளைந்துகொள்கிறது. லண்டனில் கைப்ரோஸ் நிகோலெய்டிஸ் குழுவினர் 1986இல் இந்த வளைவுக்கு ‘வாழைப்பழ அடையாளம்’ என்று பெயர் வைத்தார்கள். முதுகில் இருக்கும் குறையைத் தலையைப் பார்த்தே சந்தேகிக்கலாம் என்றானது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 26 வாரத்துக்குள் கருப்பையிலேயே முதுகை மூடிய குழந்தைகளில் பலருக்குச் சிறுமூளை மறுபடி மேலேறியது. தலைநீரை வடிக்கக் குழாய் தேவைப்பட்டோரின் விகிதம் 82லிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது. தாய்க்கு ஆபத்தில்லாத சிகிச்சை அல்ல இது; குறைமாதப் பிரசவமும் கூடியது. ஆனாலும் இங்கே ஒவ்வொரு வாரமும் மதிப்புள்ளது.

வெர்மிஸ் விஷயத்திலோ பல ஆண்டுகளாக இந்தியத் தாய்மார்களுக்குக் காத்திருக்க வழியில்லை. 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தோடு அனுமதியை நிறுத்தியிருந்தது. வெர்மிஸ் வளர்ந்து முடியும் அதே வாரம்! படம் இன்னும் தெளியாத நேரத்தில் முடிவெடுக்கும்படி சட்டம் அவர்களைத் தள்ளியது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம், கருவில் கடுமையான குறைபாடு இருப்பதை மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் வார வரம்பே வேண்டாம் என்றது. எனவே 19ஆம் வாரத்தில் சந்தேகக் குறிப்புள்ள ரிப்போர்ட்டோடு நிற்கும் பெண்ணிடம், “பயப்படாதீங்கம்மா, மூணு வாரம் கழிச்சு மறுபடி பார்ப்போம், தேவைப்பட்டா எம்ஆர்ஐயும் எடுப்போம்” என்று சொல்ல இன்று மருத்துவருக்கு நேரம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் ரிப்போர்ட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவதை என்னால் ஏற்க முடியவில்லை.