மதுரைக் கோட்டையும் லிவர்பூல் தட்டும்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமைதோறும் கூடும் ஆட்டுச் சந்தையை அறியாதார் இவ்வட்டாரத்தில் இலர். சவ்வாது மலையடிவாரத்து ஆடுகள் அங்கே கைமாறுகின்றன. இறைச்சி பல ஊர்களுக்குப் போகிறது. தோல் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் வாணியம்பாடிக்கும் போகிறது. ஆவாரம்பட்டையிட்டுப் பதனிட்ட தென்னிந்தியத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகம் வழியே இலண்டன் சந்தையை அடைந்த கதை பலராலும் எழுதப்பட்டுள்ளது. இங்கிலாந்திலிருந்து வந்த கப்பல்கள் எவற்றை ஏற்றி வந்தன என்னும் கேள்வியோ அத்துணை ஆர்வத்தோடு கேட்கப்படவில்லை. துணி, இரும்பு, கண்ணாடி என்ற பெருஞ்சரக்குகளோடு, வைக்கோல் திணித்த கூடைகளில் பத்திரமாக வந்திறங்கிய பொருள் ஒன்றுண்டு. அதுவே நீலச் சித்திரம் அச்சிட்ட ஆங்கிலப் பீங்கான்.

'பீங்கான்' என்பது பாரசீக வழியாகத் தமிழுக்கு வந்த சொல். பொருளும் நெடுங்காலம் சீனத்திலிருந்தே வந்தது. கையால் தீட்டிய சீன நீலச் சித்திரத்தை நகலெடுக்க முனைந்த ஆங்கிலக் குயவர்கள், ஓவியரின் கூலியைக் குறைக்கும் வழியாக ஓர் அச்சுக்கலையைக் கண்டடைந்தனர். லிவர்பூலைச் சேர்ந்த ஜான் சாட்லர், கை கிரீன் என்னும் இருவர், 1756 ஜூலை 27 அன்று ஆறு மணி நேரத்தில் 1200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டதாக உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்தனர். அவர்கள் அச்சிட்டது மெருகின் மேலே, நாள்பட்டால் தேயும். மெருகின் கீழே நீலத்தைப் பதிக்கும் முறையை ஸ்டோக் நகரத்து ஜோசையா ஸ்போட் 1784ஐ ஒட்டிச் செம்மைப்படுத்தினார். அதன் பின்னரே தட்டு தேய்ந்தாலும் படம் தேயாத நிலை வந்தது.

அம்முறை எளிதுபோல் தோன்றினும் பல கைகளைக் கடந்தது. முதலில் செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்குவர். தகட்டைச் சூடாக்கி, கோபால்ட் என்னும் நீலப்பொடியை எண்ணெயில் குழைத்து அதன் வரிப்பள்ளங்களில் நிரப்புவர். சவர்க்காரக் கரைசலில் நனைத்த மெல்லிய தாளை அதன்மேல் அழுத்தி எடுத்தால் படம் தாளுக்கு மாறும். தாளை வடிவத்திற்கேற்ப வெட்டுவது சிறுமியர் வேலை. ஒருமுறை சுட்டு, மெருகு ஏறாத தட்டின்மேல் அதை ஒட்டிக் கடினமான தூரிகையால் தேய்ப்பது பெண்கள் வேலை. பிறகு தாளை நீரில் கழுவிவிட்டு, எண்ணெய் எரியும் அளவுக்குச் சூடேற்றி, மெருகுக் குழம்பில் தோய்த்து மீண்டும் சூளையில் வைப்பர். ஓரப் பூவேலையில் ஒரு தாளும் மறு தாளும் சேரும் இடத்தில் ஓர் இலை பாதியாகவோ, ஒரு பூ இரட்டையாகவோ நின்றுவிடும். கைத்தீட்டலுக்கும் அச்சுக்கும் வேறுபாடு காண விரும்புவோர் முதலில் தேடுவது இந்தப் பிசகைத்தான்.

இதே தொழிலில் வேறொரு கிளை முறையும் இருந்தது. அதில் தாளுக்குப் பதில், வளைந்து கொடுக்கும் மெல்லிய பசைத் தகடு பயன்பட்டது. அப்பசை விலங்கின் உடலிலிருந்து காய்ச்சப்படும் வச்சிரம். தோல் கழிவிலிருந்து வச்சிரம் காய்ச்சுவதை அறிந்த ஆம்பூர் வட்டாரத்தார்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 1800ஐ ஒட்டிப் புகழ்பெற்ற உயர்வகை ஆங்கிலப் பீங்கானில் ஏறக்குறையப் பாதி, சுட்ட மாட்டெலும்பின் சாம்பல் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. நீல அச்சுத் தட்டுகளில் பெரும்பாலானவை அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. வெண்களியும் சக்கிமுக்கிக் கல்லின் பொடியும் கலந்து செய்த மலிவான பாண்டங்கள். ஆயினும் வாங்குவோர் இந்த வேறுபாட்டை எங்கே கண்டனர்? இலையிலும் வெண்கலத்திலும் உண்ட ஆசாரக் குடும்பங்கள் பீங்கான் தட்டைப் பந்தியில் ஏற்கவில்லை. ஊறுகாய் ஜாடிக்கு மட்டும் விலக்களித்தன. ஆங்கில அதிகாரிகளின் மேசையிலும், இசுலாமிய, கிறித்தவக் குடும்பங்களின் விருந்திலும், கடல் கடந்து வாணிகம் செய்த செட்டிநாட்டார் மாளிகை அலமாரிகளிலும் பீங்கான் இடம் பிடித்தது. எது உண்ணும் கலம், எது பார்க்கும் கலம் என்பது வீட்டுக்கு வீடு மாறியது.

குயவர்களுக்குப் படம் வேண்டியிருந்தது. சீனத்து மரமும் பாலமும் சலித்தபோது அவர்கள் புத்தகங்களைத் திறந்தனர். தாமஸ் டேனியல், அவர் தமையன் மகன் வில்லியம் டேனியல் என்னும் ஓவியர் இருவர் 1786இல் கல்கத்தாவில் இறங்கி, 1792இல் தென்னாடு வந்தனர். ஆம்பூருக்கு மேற்கே பாராமகால் எனப்பட்ட நாட்டைக் கடந்து சென்று இராயக்கோட்டையையும் ஜெகதேவி மலைக்கோட்டையையும் வரைந்தனர். திருச்சி, மதுரை, குற்றாலம், தஞ்சை எனச் சுற்றினர். இருட்டறைப் பெட்டி ஒன்றின் துணையால் கட்டடங்களின் அளவு பிசகாமல் கோடிழுத்தனர். 1795 முதல் 1808 வரை இலண்டனில் அவர்கள் வெளியிட்ட 'கீழைக் காட்சிகள்' 144 அச்சோவியங்களைக் கொண்டது. அத்தொகுப்பிலிருந்து பல படங்கள் தட்டில் ஏறின.

அவற்றுள் தமிழர் அறிய வேண்டியது ஒன்று. லிவர்பூலில் 1796 முதல் 1840 வரை இயங்கிய ஹெர்குலேனியம் என்னும் பீங்கான் ஆலை, இந்தியக் காட்சிகள் கொண்ட வரிசை ஒன்றை வெளியிட்டது. அலகாபாத்துக் கல்லறை மாடமும் பிலிபித் மசூதி வாயிலும் இடம்பெற்ற அவ்வரிசையில், 'மதுரைக் கோட்டைக்குள் ஒரு காட்சி' என்று சேகரிப்பாளர் பட்டியல்கள் குறிக்கும் படமும் உண்டு. இறைச்சியும் உருளைக்கிழங்கும் பரிமாறிய ஆங்கிலத் தட்டின் அடியில் மதுரை இருந்தது! உண்டு முடித்தவனுக்கே ஊர் புலப்பட்டிருக்கும்.

அத்தட்டு செய்யப்பட்டபோது மதுரைக் கோட்டை இருந்தது. சில பத்தாண்டுகள் கழித்து, பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் மதில்கள் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அவ்விடத்தில் தெருக்கள் எழுந்தன. திருமலை நாயக்கர் எழுப்பிய அரண்மனையும் டேனியல்கள் கண்டபோதே பெரும்பகுதி பாழாகியிருந்தது. எஞ்சியதைச் சீர்செய்யும் பணி நேப்பியர் பிரபு ஆளுநராயிருந்த 1866–1872 காலத்தில்தான் தொடங்கியது. ஆகவே தட்டில் பதிந்த மதுரை, ஊரே இழந்துவிட்ட ஒரு மதுரை.

இதைக் கேட்டவுடன் தட்டை வரலாற்றுச் சான்றாகத் தூக்கிப் பிடிக்கும் ஆசை எழும். அங்கேதான் தடுக்கிவிழ நேர்கிறது. குயவர்க்குத் தேவை அழகு, உண்மை அன்று. ஓர் ஊர்க் கோபுரத்தோடு மற்றோர் ஊர் மரத்தையும், மூன்றாவது படத்திலிருந்த மாட்டையும் சேர்த்துச் செதுக்குவது அவர்களுக்கு வழக்கம். ஜான் ரோஜர்ஸ் ஆலையின் புகழ்பெற்ற ஒட்டகத் தட்டில் நிற்பது சுனார்கட் மசூதியின் வாயில். அதே ஆலையின் மற்றொரு தட்டில் தில்லிப் பாழ்மண்டபம் ஒன்று, கிரேக்கப் பெயர் சூடி நிற்கிறது. காட்சியைச் சுற்றி ஓடும் பூவேலையோ இங்கிலாந்துத் தோட்டத்துக்குரியது. ஓவியர் கண்டது காகிதத்தில் ஒருமுறை மாறி, அச்சோவியத்தில் ஒருமுறை மாறி, குயவரின் செம்பில் மூன்றாம் முறை மாறி, நனைந்த தாளில் ஏறித் தட்டில் இறங்கியது.

ஆய்வாளர் செய்வது இந்த வழியில் பின்னோக்கி நடப்பது. ஏடு பெயர்த்தெழுதியோர் விட்ட பிழைகளைக் கொண்டே எந்த ஏட்டிலிருந்து எந்த ஏடு பிறந்தது என்று கண்டறியும் பதிப்பாசிரியர் பணியை இவ்வட்டத்தினர் நன்கறிவர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கப் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிய உழைப்பும், பீங்கான் சேகரிப்பாளர் ஒரு தட்டின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பயணநூல்களைப் புரட்டும் உழைப்பும் இனத்தால் ஒன்றே. இரண்டிலும் பாடபேதமே சான்று.

இத்துறையில் முன்னோடி எனத்தக்கவர் எஸ். பி. வில்லியம்ஸ். உலகப் போரின் நடுவே, 1943இல், ஸ்போட் ஆலையின் பழைய நீலப் பீங்கான் பற்றி அவர் நூலொன்று வெளியிட்டார். அந்த ஆலையின் 'இந்திய வேட்டை' வரிசையை, அதன் மூலமான 'கீழைநாட்டு வேட்டைகள்' என்னும் நூலோடு அவர் அதில் ஒப்பிட்டுக் காட்டினார். வங்காளப் படையில் பணியாற்றிய கேப்டன் தாமஸ் வில்லியம்சன் எழுதியது அது. சாமுவேல் ஹோவிட் வரைந்த 40 படங்களோடு 1805 முதல் 1807 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ஸ்போட் வரிசையில் கலத்துக்குக் கலம் படம் வேறு. பெரிய உணவுத் தட்டில் கரடியின் சாவு; மற்றவற்றில் மரத்தில் சிறுத்தையைச் சுடுதல், குட்டிகளோடு நிற்கும் பெண்புலியைப் பன்றி வேட்டைக்காரர் திடீரெனக் காணல், குதிரைக்காரர் குதிரைகளை நடத்திச் செல்லல். படத்தின் தலைப்பும் தட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டது.

வேலூர் மக்களுக்கு அந்த ஆண்டுகள் வேறு காரணத்தால் மறக்க முடியாதவை. இலண்டனில் வேட்டைப் படங்கள் ஒவ்வொரு பகுதியாக விற்பனைக்கு வந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1806 ஜூலை 10 விடியலுக்கு முன், வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தனர். அவர்களைச் சினமூட்டிய புதிய தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் இருந்தது வரலாறு. வேட்டைப் படங்களிலோ இந்தியர் குதிரையைப் பிடிப்பவராகவும் நாயை நடத்துபவராகவும் பணிவோடு நிற்கின்றனர். ஆங்கிலக் குடும்பம் மேசையில் கண்ட இந்தியா இதுவே. தட்டு பொய் சொல்கிறது என்பதைவிட, யாருக்காக எதை விட்டுவிட்டது என்று கேட்பது பயன் தரும்.

வில்லியம்ஸுக்குப் பின் வேலை பெருகியது. 1973இல் இங்கிலாந்தில் நீலப் பீங்கான் அன்பர்கள் கழகம் ஒன்றை நிறுவினர். கோய்ஷ், ஹென்றிவுட் இருவரும் 1982இல் இத்தகைய பாண்டங்களுக்கு ஓர் அகராதியும் 1989இல் அதன் இரண்டாம் தொகுதியும் வெளியிட்டனர். இவர்கள் பலரும் பல்கலைக்கழகத்தார் அல்லர். வார இறுதியில் பழம்பொருள் சந்தையில் அலைந்தவர்கள். ஒரு தட்டின் படத்துக்கு மூலம் கிடைத்த அன்று அவர்கள் கொள்ளும் மகிழ்ச்சியைச் சுவடி தேடியவர்கள் புரிந்துகொள்வர்.

தமிழகத்தில் இத்தகைய பட்டியல் பணி வேரூன்றவில்லை என்பது குறையே. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஐரோப்பியப் பீங்கான் விலைக்குக் கிடைக்கிறது. முகப்பின் அழகைப் பார்த்து விலை பேசுவது வாடிக்கையாளர் வழக்கம். அறிந்தவரோ முதலில் தட்டைக் கவிழ்த்துப் பார்ப்பர். பின்புறத்தில் வைரவடிவக் குறி இருந்தால், அது வடிவப் பதிவுச் சட்டத்தின்படி 1842க்கும் 1883க்கும் இடையே பதிவான வேலைப்பாடு. குறியின் மூலைகளிலுள்ள எழுத்துகள் ஆண்டையும் மாதத்தையுமே சொல்லிவிடும். 'இங்கிலாந்து' என்ற சொல் மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிற்பட்டது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் நாட்டுப் பெயரைக் கட்டாயமாக்கியதன் விளைவு அது. எழுத்தே இல்லாத தட்டில் அடிவளையத்தைப் பார்க்க வேண்டும். மெருகு தேங்கிய இடம் நீலம் பாரித்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை எண்ணலாம். 1842இல் வந்த பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பின் புத்தகப் படங்களை நகலெடுக்கக் குயவர்கள் அஞ்சினர். ஆகவே பெயர் சொல்லத்தக்க ஒரு கட்டடம் படத்தில் தெளிவாக இருப்பதே பழைமைக்கு ஓர் அறிகுறி. பிற்காலத் தட்டுகளில் எவ்வூரும் அல்லாத கற்பனை ஏரிகளே மிகுதி.

முழுத் தட்டு வேண்டியதில்லை. ஒரு சில்லு போதும். 1944இல் மார்ட்டிமர் வீலர் புதுச்சேரி நூலகத்தில் கண்ட சிவப்புப் பாண்டச் சில்லுகள் இத்தாலியில் செய்தவை என்று அறிந்ததும், மறு ஆண்டே அரிக்கமேட்டில் அகழாய்வு நடந்தது. காலம் தெரிந்த அயல்நாட்டுச் சில்லு கிடைத்ததால் அதனோடு கிடந்த உள்நாட்டுப் பாண்டங்களுக்கும் காலம் வாய்த்தது. யவனச் சில்லுக்குக் காட்டிய மதிப்பை ஆங்கிலச் சில்லுக்குக் காட்ட எவரும் முன்வருவதில்லை. அடிமைக் காலத்துக் குப்பை என்ற எண்ணம் ஒரு காரணம். நேற்றையது என்ற அலட்சியம் மற்றொன்று. வேலூர்க் கோட்டையைச் சுற்றியும், குதிரைப்படை தங்கிய இராணிப்பேட்டையிலும், தோல் வணிகர் குடியிருந்த பழந்தெருக்களிலும் அடித்தளம் தோண்டும்போது நீலக்கோடு ஓடிய சில்லு ஒன்று வெளிப்படுமாயின், அம்மண்ணடுக்கின் வயதை அது சொல்லும். அதனருகே காட்பாடியை அடுத்த கரிகிரியின் மெருகுப் பாண்டத்துண்டும் கிடக்குமானால், ஆங்கிலேயர் விரும்பி வாங்கிய உள்ளூர்க் குயவர் கலைக்கும் அதே சில்லு காலம் கணித்துத் தரும்.

ஸ்டோக் நகரத்து ஸ்போட் ஆலை 2008இல் நொடித்து மூடப்பட்டது. அதன் செப்புத் தகடுகள் காட்சியகப் பொறுப்பில் காக்கப்படுகின்றன. எப்படம் எத்தகட்டில் பிறந்தது என்று அங்கே ஒப்பிட இயலும். இங்கே பழைய வீடுகள் பாகம் பிரிக்கப்படும்போது அலமாரிப் பீங்கான்கள் மொத்த விலைக்குப் போகின்றன. எவ்வூரில், எவ்வகை வீட்டில், எத்தனை தட்டுகளாக, வேறு எக்கலங்களோடு இருந்தன என்ற விவரம் வண்டி ஏறும்போதே அழிந்துவிடுகிறது. தட்டு எங்கோ ஒரு சுவரில் தொங்கும். அதற்கு முன், வீட்டுப் பாட்டியிடம் அது எக்கல்யாணத்துக்கு வந்தது என்று கேட்டு, பின்புறக் குறியை ஒரு தாளில் வரைந்து வைக்க அரைமணி நேரம் ஆகும்.