மூடிக் கிடந்த தசைகள்: தோளின் உடற்கூறு தமிழுக்கு வந்த வரலாறு

தோளுக்கு உருண்டை வடிவம் தருவது டெல்டாயிட் தசை. காறையெலும்பின் வெளிப்பகுதியிலும் தோள்பட்டை எலும்பின் முகட்டிலும் தொடங்கி, புய எலும்பின் வெளிப்பக்கம் பாதித் தூரம் இறங்கி ஒட்டிக்கொள்கிறது. சட்டையைக் கழற்றினால் எவருக்கும் தெரிகிற தசை அது. அதற்கு அடியில் சுப்ராஸ்பினேட்டஸ், இன்ஃப்ராஸ்பினேட்டஸ், டெரஸ் மைனர், சப்ஸ்காப்புலாரிஸ் என்று நான்கு தசைகள் இருப்பது அப்படித் தெரியாது. தோள்குழி ஆழமில்லாதது, புய எலும்பின் தலை பெரியது. அந்தத் தலையைக் குழியோடு அழுத்திப் பிடிப்பவை இந்த நான்கும்தான். இவை பிடி தளர்ந்தால் டெல்டாயிட் இழுக்கிற இழுப்பில் எலும்பு மேலேறி இடிக்குமே தவிர, கை ஒழுங்காக உயராது.

ஒரு மருத்துவ மரபு உடலை எந்த வழியில் அறிந்துகொண்டது என்று பார்க்கத் தோள் நல்ல சோதனைக்களமாக இருப்பது இதனால்தான். தொட்டு அறிந்தவருக்கு ஒரு தோள், எலும்பைப் பொருத்தி அறிந்தவருக்கு இன்னொரு தோள், அறுத்து அறிந்தவருக்கு வேறொன்று. போடி எனப்படும் போடிநாயக்கனூரின் மலையடிவாரத்து ராசிங்காபுரம் போன்ற ஊர்களில் இந்த மூன்றும் இன்றும் பக்கத்துப் பக்கத்திலேயே புழங்குகின்றன.

சுசுருத சம்கிதை உடலில் 500 தசைகளைக் கணக்கிடுகிறது. அவற்றில் 400 கைகால்களுக்கு உரியவை. தோளில் அம்சம், தோள்பட்டையில் அம்சபலகம் என இரண்டு மர்மங்களை, அதாவது அடிபட்டால் கேடு விளையும் இடங்களைக் குறித்து, முன்னதில் அடிபட்டால் கை விறைக்கும் என்றும் பின்னதில் அடிபட்டால் கை மரத்துச் சூம்பும் என்றும் சொல்கிறது. கவனித்துப் பார்த்தவர் எழுதிய வரிகள் இவை. ஆனால் அந்நூல் சொல்லும் உடற்கூறு முறையைப் பாருங்கள்: பிணத்தைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து, ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவிட்டு, வெட்டிவேர், மூங்கில் முதலியவற்றாலான தூரிகையால் மெல்லத் தேய்த்து அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். இப்படி ஊறிய உடலில் எலும்பும் தசைநாணும் தாக்குப்பிடிக்கும். ஒட்டிக் கிடக்கும் இரு மெல்லிய தசைகளின் எல்லை தாக்குப்பிடிக்காது. எண்ணிக்கை திட்டவட்டமாக இருந்தும் தனித்தனித் தசைகளின் விவரிப்பு மங்கலாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

தமிழ் வர்ம மரபு அறுப்பை நாடவே இல்லை. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 இடங்களை அது வகுத்தது. கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் வரும் காக்கட்டைக் காலம் அவற்றில் ஒன்று. அங்கே காறையெலும்புக்குப் பின்னால் கைக்குப் போகும் நரம்புக் கொத்தும் பெரிய இரத்தக் குழாயும் செல்வதை இன்றைய உடற்கூறியல் காட்டுகிறது. எங்கே அடித்தால் என்ன ஆகும், எப்படி இளக்க வேண்டும் என்பதே வர்மத்தின் கேள்வி. எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அது கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. நாட்டு வைத்தியரின் எலும்புக்கட்டும் அப்படித்தான். இறங்கிப்போன தோளை ஏற்றத் தெரிந்த கைக்கு மூட்டின் வழி தெரியும். எலும்பு நழுவும்போது புய எலும்பின் கழுத்தைச் சுற்றிவரும் அக்குள் நரம்பு நசுங்கி, டெல்டாயிட் செயலிழக்கக் கூடும் என்பதை அந்தக் கைப்பழக்கம் சொல்லித்தராது.

தசையைத் தசையாகப் பிரித்துக் காட்டியது ஐரோப்பிய அறுவைமேசை. புயத்தின் முன்பக்கத் தசையான பைசெப்ஸ் முழங்கையை மடக்குவதோடு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் செய்கிறது என்பதை லியோனார்டோ டா வின்சி கண்டிருந்தார். வெசாலியஸ் 1543-ல் வெளியிட்ட நூலில் தசை மனிதர்கள் படத்துக்குப் படம் ஒவ்வோர் அடுக்காக உரிந்து நிற்கிறார்கள். இந்தியாவில் 1835-ல் சென்னையிலும் கல்கத்தாவிலும் மருத்துவப் பள்ளிகள் தொடங்கின. அடுத்த ஆண்டு கல்கத்தாவில் மதுசூதன் குப்தா பிணத்தில் கத்தி வைத்தது பெரிய செய்தியானது.

1858-ல் லண்டனில் ஹென்றி கிரேயின் உடற்கூறு நூல் வந்தது. அதன் படங்களை வரைந்தவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். நூல் வெளியான அதே ஆண்டில் அவர் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார்.    

கிரேயின் நூல் தமிழுக்கு வந்த வழி சென்னை அல்ல, யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் அங்கு வந்து, மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்தபடியே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்கள் அரசாங்கச் சம்பளத்துக்கு வெளியூர் போய்விட, கிராமங்களுக்கு வைத்தியர் மிஞ்சவில்லை. 1860-களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அதற்கு முன்பே, 1857-ல், கால்வின் கட்டரின் பாடநூல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்று தமிழில் வந்திருந்தது. 1867-ல் ‘இரண வைத்தியம்’, 1872-ல் கிரேயைத் தழுவிய ‘மனுஷ அங்காதிபாதம்’. லண்டன் பதிப்புக்கும் இதற்கும் இடைவெளி 14 ஆண்டுகள்தான். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்று வெளிவந்தார்கள்.

இதைப் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கச் சாதனையாகவே கொண்டாடுகிறோம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது காரிய ஒழுங்கு: ஊருக்கு வைத்தியர் தேவைப்பட்டது, அதற்காக வகுப்பு மாறியது, வகுப்புக்காகப் புத்தகம் வந்தது. அந்த ஒழுங்கு அறுந்தபோது புத்தகமும் நின்றது. 1870-ல் கொழும்பில் மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியது. கிரீன் 1873-ல் ஊர் திரும்பி, 1884-ல் காலமானார். ‘மனுஷ அங்காதிபாதம்’ அடுத்த தலைமுறை மாணவர் கையில் இருக்கவில்லை.

இழப்பு அத்தோடு முடியவில்லை. தோளைப் பற்றிய அறிவு அந்தக் காலத்திலிருந்துதான் உயிருள்ள உடலுக்கு நகரத் தொடங்கியது. பிரான்சில் டுஷென் தசைகளை மின்சாரத்தால் தூண்டி, எது எதை அசைக்கிறது என்று 1867-ல் நூலாக்கியிருந்தார். பாஸ்டனில் எர்னஸ்ட் காட்மன் 1909-ல் கிழிந்த சுப்ராஸ்பினேட்டஸ் நாணைத் தைத்து, 1934-ல் தோளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். 1944-ல் இன்மன், சாண்டர்ஸ், அபட் மூவரும் அசைவைப் படிப்படியாக அளந்து, கை 180 பாகை உயரும்போது ஏறத்தாழ 120 பாகை மூட்டிலும் 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதாலும் கிடைக்கிறது என்று காட்டினார்கள். தமிழில் வந்திருந்தது எந்தத் தசை எங்கே இருக்கிறது என்ற பாடம். அது எப்போது, எந்த அளவு வேலை செய்கிறது என்ற பாடம் ஆங்கிலத்திலேயே தங்கிவிட்டது.

அந்தப் பாடத்துக்குப் போடி மலைச்சரிவில் வேலை நிறையவே இருந்தது. கிரீனின் நூல் அச்சான காலத்தில் போடியிலிருந்து மேலே போன அரிசியும் கீழே வந்த ஏலக்காயும் ஆள் சுமையிலும் பொதிமாட்டிலும்தான் நகர்ந்தன. பின்னர் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பிவட வழி வந்து மூணாறுத் தேயிலையை இறக்கியது. 1928-ல் போடிக்கு ரயில் வந்தது. நெடும்பாதைச் சுமை குறைந்தாலும் தோட்டத்துக்குள் மூட்டையை ஏற்றி இறக்குவது மனிதத் தோள்தான். மூட்டையைத் தலைக்கு மேல் உயர்த்துகிறவருக்கு அந்தக் கணத்தில் சுப்ராஸ்பினேட்டஸ் நாண் தோள்பட்டை எலும்பின் மேல்நுனி அமைக்கும் கூரையின் கீழ் நெரிபடக் கூடும். ஏற்றியபின் சுமையைத் தாங்கிப் பிடிப்பது கழுத்திலிருந்து தோளுக்குப் பரந்த டிரப்பீசியஸ்.

காய் எடுக்கும் பெண்ணின் கதை வேறு. ஏலச்செடியின் சரங்கள் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கின்றன. கை தோள் உயரத்துக்குப் போவதே அரிது. குனிந்த உடலில் கை தொங்கும்போது தோள்மூட்டுத் தசைகளுக்குப் பளு குறைவு. நோயாளியைக் குனிய வைத்து, கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டும் காட்மன் பயிற்சி இந்த அடிப்படையில்தான் அமைந்தது. ஆகவே அவளுடைய வலி பெரும்பாலும் மூட்டில் இருக்காது. மணிக்கணக்காகக் குனிந்த தலையைத் தாங்கும் கழுத்து, மேல்முதுகுத் தசைகளில்தான் தேட வேண்டும். இருவரும் சொல்வது மட்டும் “தோள்பட்டை வலி” என்றுதான்.

பிரித்தறிய ஸ்கேனுக்கு முன் ஒரு கேள்வியில் தொடங்கலாம்: கையைப் பக்கவாட்டில் மெல்லத் தூக்கினால் எந்த உயரத்தில் வலிக்கிறது? 60 முதல் 120 பாகை வரை வலித்து, அதற்குமேல் குறைந்தால் சுப்ராஸ்பினேட்டஸை முதலில் சந்தேகிப்பார்கள். எல்லாப் பக்கமும் இறுகி, குறிப்பாக வெளிப்புறம் திருப்ப முடியாவிட்டால் மூட்டுறை இறுக்கம். சர்க்கரை நோயாளிகளுக்கு இது கூடுதலாக வருகிறது. கழுத்தைத் திருப்பும்போது வலி கைக்குள் இறங்கினால் கோளாறு தோளிலேயே இல்லாமல் கழுத்து நரம்பில் இருக்கலாம்.