பிரான்ஸும் கினியும்: முறிந்த உறவும் நிற்காத ஆலையும்

மேற்கு ஆபிரிக்காவின் கினியைப் பற்றி எழுதுவோர் யாவரும் ஒரே இடத்திலிருந்துதான் ஆரம்பிப்பர். 1958 செப்டெம்பர் 28 ஆம் திகதி, அப்போது பிரான்ஸின் பிரதமராக இருந்த ஜெனரல் டி கோல், புதிய அரசியலமைப்புக் குறித்து ஒரு சர்வசன வாக்கெடுப்பை நடத்தினார். ஆபிரிக்கக் குடியேற்றங்களுக்கு அதன் பொருள் ஒன்றுதான்: பிரெஞ்சு சமூகத்துக்குள் இருக்கிறீர்களா, உடனே பிரிந்து போகிறீர்களா? ஏனைய பிரதேசங்கள் 'ஆம்' என்றன. செக்கு தூரேயின் தலைமையில் கினி மாத்திரம், 95 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளால் 'இல்லை' என்றது. ஒக்டோபர் 2 ஆம் திகதி அது சுதந்திர நாடாயிற்று.

பாரிஸின் கோபம் உடனே வெளிப்பட்டது. நிர்வாகிகளும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் திருப்பி அழைக்கப்பட்டனர். கோப்புகள் போயின; தொலைபேசிகள் பிடுங்கப்பட்டன. மின்குமிழ்களும் கழற்றப்பட்டதாகக் கதைகள் உண்டு. எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு மிகவும் பிடித்தமான விவரங்கள் இவை. அவ்வருட டிசெம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் கினி சேர்க்கப்பட்டபோது பிரான்ஸ் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. கானாவின் நிக்ருமா மட்டும் பத்து மில்லியன் பவுண் கடன் தருவதாகக் கைகொடுத்தார். 1960 மார்ச்சில் கினி பிராங்க் வலயத்தை விட்டு விலகிச் சொந்த நாணயத்தை வெளியிட்டபோது, பிரெஞ்சு உளவுத்துறை கள்ள நாணயத்தாள்களை அந்நாட்டுக்குள் பரப்பியது. அத்துறையில் பணியாற்றிய ஒருவரே பிற்காலத்தில் இதனை ஒப்புக்கொண்டார்.

இவ்வளவும் பலர் அறிந்தவை. வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கிக் கொண்டிருந்த நாட்களில் என்னை யோசிக்க வைத்தது வேறொரு விடயம். தலைநகர் கொனாக்ரிக்கு வடக்கே ஃப்ரியா என்றொரு நகரம் உண்டு. பிரான்ஸின் பெஷினே நிறுவனத்தின் முன்னெடுப்பில், அமெரிக்க மற்றும் ஏனைய ஐரோப்பிய முதலீட்டாளர்களும் சேர்ந்து, பொக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும் ஆலையொன்றை அங்கே கட்டிக்கொண்டிருந்தனர். ஆபிரிக்காவின் முதல் அலுமினா ஆலை அது. 'இல்லை' என்ற வாக்குக்குப் பின்னரும் அதன் வேலை நிற்கவில்லை. கள்ள நாணயம் கினிக்குள் வந்த அதே 1960 இல் ஆலை உற்பத்தியை ஆரம்பித்தது. அலுமினா புகையிரதத்தில் துறைமுகம் சென்று, கப்பலேறி, அதன் ஒரு பகுதி கமரூனிலிருந்த பெஷினேயின் உருக்காலையை அடைந்தது.

தூரேயும் அதன்மீது கைவைக்கவில்லை. வங்கிகளையும் வர்த்தகத்தையும் அரசுடைமையாக்கியவர் அவர். வாக்குறுதியளித்த ஆலையைக் கட்டாத இன்னொரு அந்நிய நிறுவனத்தின் பொக்சைட் சுரங்கங்களை 1961 இல் எடுத்துக்கொண்டவரும் அவரே. ஆனால் ஃப்ரியா வெளிநாட்டுச் செலாவணியை ஈட்டித் தந்தது. 1965 இல், பிரான்ஸ் தம்மைக் கவிழ்க்கச் சதி செய்ததாகத் தூரே குற்றஞ்சாட்ட, இராஜதந்திர உறவு முற்றாக முறிந்தது. தூதுவர்கள் போனார்கள், ஆலையின் பொறியியலாளர்கள் போகவில்லை. 1973 இல் ஆலையின் 49 சதவீதத்தை அரசு பெற்றபோதும் அந்நியப் பங்காளிகளை அது வெளியேற்றிவிடவில்லை.

பள்ளிக்கூடத்து ஆசிரியரையும் ஆஸ்பத்திரி டொக்டரையும் ஒரே இரவில் அழைத்துக்கொள்ள முடிந்த ஓர் அரசாங்கத்துக்கு, அலுமினா ஆலையை மூட மனம் வரவில்லை. தன்மானத்தைப் பற்றி மேடைதோறும் பேசிய தலைவருக்கும் வரவில்லை. இருவரையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. தண்டித்தவன் வலியவன், தண்டிக்கப்பட்டது புதிதாகப் பிறந்த ஏழை நாடு. ஆனால் தூரே அந்தத் தண்டனையையே தமது கொடுங்கோன்மைக்குச் சாட்டாக்கினார். எங்கும் சதி, எவரும் துரோகி என்றாயிற்று. ஆபிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதலாவது செயலாளர் நாயகமாக இருந்த தியாலோ தெல்லி, 1977 இல் போய்ரோ முகாமில் உணவும் நீருமின்றி மாண்டார்.

அதற்கு முன்பே, 1975 இல், பிரான்ஸுடன் உறவு மீண்டிருந்தது. இடைநின்று பேசிய ஐ.நா. அதிகாரி அந்திரே லெவின் முதல் தூதுவரானார். சிறையிலிருந்த பிரெஞ்சுக்காரர்கள் விடுவிக்கப்பட்டனர். கினியரில் பலர் உள்ளேயே கிடந்தனர். 1978 டிசெம்பரில் பிரெஞ்சு ஜனாதிபதி ஜிஸ்கார் தெஸ்தேங் கொனாக்ரியில் வந்திறங்க, பெருங்கூட்டம் திரண்டு வரவேற்றது.

பெஷினே 1990களில் ஃப்ரியாவை விட்டு விலகியது. பின்னர் ஆலை ருஷ்ய நிறுவனமான ருசாலின் கைக்கு வந்தது. நாடுகளின் சண்டையில் நிற்காத ஆலை, 2012 ஏப்ரலில் தொழிலாளரின் சம்பளப் போராட்டத்தோடு நின்றது. தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஆலையையே நம்பியிருந்த அந்நகரம், 2018 இல் அது மீண்டும் இயங்கும்வரை ஆறு ஆண்டுகள் காத்திருந்தது.