காப்பி கிளப் பெஞ்சு

போன வாரம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பழைய காப்பி கிளப் இருந்த இடத்தில் சற்று நின்றேன். இப்போது அங்கே பட்டுச் சேலைக் கடை. கண்ணாடிக் கதவு, வாசலில் வெளியூர் கார்கள். கிளப் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் கால் தானாக நின்றுவிடுகிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் காப்பிக்கும் அதைக் குடிக்கும் கடைக்கும் ஒரே சொல்தான்: கஃபே. எங்கள் ஊரில் ஒயின் கடையும் காப்பிக் கடையும் அடுத்தடுத்து இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள் சாயங்காலம் ஒரு கிளாஸை முன்னால் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள். யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள்.

விடுமுறைக்கு அம்மாவின் ஊரான காஞ்சிபுரம் வந்தால் உலகமே வேறு. சென்னை மாகாணம் முழுவதும் 1948 முதல் மதுவிலக்கு. குடிப்பவர்கள் ஒளிந்து குடித்தார்கள். ஆண்கள் நாலு பேர் கூடி வெளிப்படையாக உட்கார்ந்து பேச இருந்த இடம் காப்பி கிளப்தான். 1971-இல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். 1974-க்குள் மறுபடி கடைகளை மூடினார்கள். அந்தச் சமயத்தில்தான் நான் காஞ்சிபுரத்தில் எழுத்தர் வேலையில் சேர்ந்தேன்.

விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் இழைகளைச் சரிபார்த்துச் சுருட்டிவிட்டு அத்தனை பேரும் கிளப்புக்கு வருவார்கள். நாளெல்லாம் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்காருபவர்களுக்கு, பெஞ்சில் காலை நீட்டி உட்காருவதே ஓய்வு. கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். மறுபக்கத்து நாடாவைத் தள்ளும் பையன் பதினோரு மணிக்குத் தூக்குச் சட்டியோடு காப்பி வாங்க வருவான். கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார்கள். சேலை கொடுத்துக் கூலி வாங்கிய அன்று கணக்குத் தீரும். மிளகும் சுக்கும் போட்ட இட்லியும் அங்கே உண்டு. ஒருவர் தினசரியை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். எந்த முதலாளி கூலியைக் குறைத்தார் என்பதும் அங்கேதான் தெரியவரும்.

ஆனால் அந்தப் பெஞ்சு எல்லாருக்கும் எளிதாகக் கிடைத்ததல்ல. புதுச்சேரியில் பல வருஷம் தலைமறைவாக வாழ்ந்த வ.வே.சு. ஐயர், பிறகு சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமண மாணவர் சிலருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டது பெரிய விவகாரமாயிற்று. அந்தச் சூடு தணியாமலே, 1925 நவம்பரில் இதே காஞ்சிபுரத்தில் திரு.வி.க. தலைமையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது. வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்துக்கு இடம் கிடைக்காததால் பெரியார் வெளியேறினார். ரயில் நிலைய உணவு விடுதிகளில் பிராமணருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் என்ற வழக்கம் 1941-இல்தான் போயிற்று. 1957-இல்கூட, திருவல்லிக்கேணி ஓட்டல் ஒன்றின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்து மறியல் நடத்த வேண்டியிருந்தது. நான் வேலைக்கு வந்தபோது எங்கள் கிளப்பில் அப்படிப் பலகை இல்லை. நெசவாளரும் குருக்களும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

ஒரு நாள் அலுவலக வேலையாக, எங்கள் கடைநிலை ஊழியரோடு சைக்கிளில் ஊருக்கு வெளியே ஒரு கிராமத்துக்குப் போனேன். என்னைவிட வயதில் மூத்தவர். டீக்கடையில் எனக்குப் பெஞ்சைத் துடைத்துக் கண்ணாடி கிளாஸில் கொடுத்தார்கள். அவர் தானாகவே கூரைக்கு வெளியே போய் நின்றார். ஆணியில் மாட்டியிருந்த அலுமினியக் குவளையை எடுத்து நீட்டினார். குடித்து முடித்ததும் தானே கழுவி மறுபடி மாட்டினார். "போலாங்களா சார்?" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை. கிளாஸைக் கீழே வைக்கவும் இல்லை, குடித்து முடித்தேன். திரும்பும் வழியெல்லாம் இருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகு பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். ஒரு நாளும் அதைப் பற்றி நான் வாயெடுக்கவில்லை. அவர் இப்போது இல்லை.

எங்கள் கிளப் மூடியதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. சேலைக் கடைகள் பெருகின, வாடகை ஏறியது. நெசவாளர் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். தூக்குச் சட்டியோடு வர ஆள் இல்லை. 2003-இல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் ஏற்றது. சாயங்காலக் கூட்டம் அந்தப் பக்கம் நகர்ந்தது. இன்றைய டீக்கடையில் காகிதக் கோப்பையை வாங்கி நின்றபடியே குடிக்கிறோம். ஒரே கோப்பை என்பது நல்லதுதான். ஆனால் நின்று குடிக்கிறவரோடு கூலியைப் பற்றிப் பேச முடிகிறதா?

அந்தக் கிராமத்து டீக்கடையும் இப்போது இல்லை. அதற்காக நான் ஏங்கவில்லை. மூடிப்போன கடைகளைப் பற்றி என் வயதுக்காரர்கள் எழுதும்போது காப்பியின் மணத்தை எழுதுகிறோம். வெளியே நின்றவர்களையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. அதனால்தான் ஐம்பது வருஷம் கழித்தாவது இதை எழுதினேன்.