கோப்பியிலிருந்து தேயிலைக்கு: ஒரு மாற்றமும் அதன் தலைமையும்

தொழிற்களம் ஒன்று விரைந்து மாறும்போது அதன் தலைமை இருவகையிற் சோதனைக்குள்ளாகின்றது. வருவதை உணர்ந்து புதுவழி காண்பது ஒன்று. அவ்வழியினை உழைப்போர் அனைவருக்கும் உணர்த்துவது மற்றொன்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கையின் மலைநாட்டுப் பெருந்தோட்டங்கள் கோப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறிய வரலாறு, முதலாவதில் வெற்றியையும் இரண்டாவதில் தோல்வியையும் ஒருங்கே காட்டுகின்றது.

1869இல் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் அனுப்பிய மாதிரிகளை இங்கிலாந்தில் ஆராய்ந்த பேர்க்லி, அது புதியதொரு பங்கசு நோயென இனங்கண்டார். ஆயினும், சந்தையிற் கோப்பி விலை உயர்ந்து சென்றமையால் விளைச்சல் குறைந்ததன் இழப்பு வெளித்தோன்றவில்லை. துரைமார் மேலும் காடுகளை அழித்துக் கோப்பியையே நட்டனர். 1870களின் இறுதியில் அதன் பரப்பு ஏறத்தாழ 275,000 ஏக்கரை எட்டியது. 1880இல் அரசாங்கத்தால் நியமிக்கப்பட்டு வந்த மார்சல் வார்ட், காற்றாற் பரவும் வித்திகளே நோயைப் பரப்பின என்பதையும், இடைவெளியின்றி ஒரே பயிர் நிறைந்திருந்தமை அதற்குத் துணைபோயிற்று என்பதையும் விளக்கினார். மருந்து கிடைக்கவில்லை. 1884இல் ஓரியன்டல் வங்கியும் முறிந்தது.

இந்நிலையிலும் பெருந்தோட்டத்துறை அழிந்துவிடவில்லை. 1867இலேயே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டிருந்தார். 1854இற் கண்டியில் தோன்றிய தோட்டத்துரைமார் சங்கமும், 1881இற் பெர்குசன் குடும்பத்தார் தொடங்கிய ‘டிரொப்பிக்கல் அக்ரிகல்சரிஸ்ட்’ என்னும் இதழும் தோட்டத்துக்குத் தோட்டம் அனுபவங்களைக் கொண்டு சென்றன. ஒருவர் கற்றதைப் பிறரும் விரைவில் அறிந்தனர். சிங்கோனாப் பயிர் இடையிற் கைகொடுத்துப் பின் விலைவீழ்ச்சியாற் கைவிட்டது. நூற்றாண்டு முடியுமுன் தேயிலைப் பரப்பு 300,000 ஏக்கரைக் கடந்தது. ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த இம்மாற்றம் வியக்கத்தக்கதே.

எனினும், பயிரோடு உழைப்பின் இயல்பும் முற்றாக மாறியது. கோப்பி பருவப் பயிர். அறுவடைக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் வேலை முடிந்ததும் ஊர் திரும்புவர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. பறித்த கொழுந்து தாமதமின்றித் தொழிற்சாலையை அடைந்து வாட்டவும் அரைக்கவும் பட வேண்டும். எனவே நிரந்தரமான தொழிலாளர் படை தேவைப்பட்டது. கொழுந்து பறிக்கப் பெண்கள் பெருந்தொகையிற் சேர்க்கப்பட்டனர். குடும்பங்கள் லயன்களில் நிலைகொண்டன. வருவதும் மீள்வதுமாயிருந்த வாழ்வு மலையோடு பிணைக்கப்பட்டது.

இம்மாற்றத்தின் பொருளைத் தொழிலாளருக்கு எடுத்துரைத்தவர் யார்? சங்கக் கூட்டங்களும் இதழ்களும் ஆங்கிலத்தில் நடைபெற்றன. காலையிற் பிரட்டுக்களத்திற் கிடைத்ததோ கட்டளை மட்டுமே. புதிதாக வந்த சின்னத்துரைமாருக்காக வெளியிடப்பட்ட தமிழ்க் கைநூலொன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பதாகும். துரைக்கும் தொழிலாளிக்கும் இடையில் நிகழ்ந்த மொழித்தொடர்பின் தன்மையை அத்தலைப்பே உணர்த்தும்.

எஞ்சிய தொடர்பனைத்தும் கங்காணி வழியாகவே நடந்தது. ஆட்களைத் திரட்டியவரும், முற்பணம் கொடுத்தவரும், வேலையை மேற்பார்த்தவரும், பல தோட்டங்களிற் கூலியைப் பெற்றுக் கடனைக் கழித்தவரும் அவரே. உறவினராகவும் ஊரவராகவும் அவர் சிலவேளை காவலாயிருந்தார் என்பதையும் மறுத்தல் பொருந்தாது. ஆனால், வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் ‘தலைக்காசு’ கிடைத்தது. செய்தியைச் சுமப்பவரே அதனால் இலாபம் பெறுபவராயும் இருந்தமையால், கீழிருந்து முறைப்பாடுகள் மேலே சேர்வது அரிதாயிற்று. கடனோ குறையவில்லை. தொழிலாளி தோட்டம் மாறுவதாயின் கடன்தொகை குறித்த ‘துண்டு’ அவருடன் சென்றது. புதிய தோட்டம் அத்தொகையைக் கொடுத்து அவரை ஏற்றது. மனிதர் கடன்சீட்டோடு கைமாறும் இம்முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1927இற் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சி அம்மாளும் துண்டுப்பிரசுரங்களாலும் பாடல்களாலும் தொழிலாளரிடம் தமிழில் நேரே பேசினர். 1931இல் நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கெனச் சம்மேளனம் ஒன்றை நிறுவினார். கட்டளை கேட்டுப் பழகிய மக்கள் தம் குரலைத் தாமே எழுப்பும் காலம் அவ்வாறு தொடங்கிற்று.

மாற்றத்தை விரைந்து நடத்திய தலைமையின் திறமையை வரலாறு பதிவு செய்துள்ளது. அம்மாற்றத்தைத் தோளிற் சுமந்தோருக்கு அதன் காரணமும் விளைவும் எடுத்துரைக்கப்படாமையின் விலையை, கடனாகவும் மௌனமாகவும் அவர்களே அரை நூற்றாண்டு காலம் செலுத்தினர். தேயிலையின் வெற்றியை மதிப்பிடுவோர் இவ்விலையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.