கறிவேப்பிலைப் புழுவும் பெயரிட்ட பெரியோரும்

நமது காலனியில் தமிழர் குடியிருக்கும் குவார்ட்டர்ஸ் எது என்று அறிய வாயிற்பலகையைப் பார்க்க வேண்டுவதில்லை. கொல்லையில் ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றால் போதும். ஊரிலிருந்து கன்றாகக் கொணர்ந்து, வங்காளத்துக் குளிருக்குத் தப்புவித்து நாம் வளர்க்கும் அச்செடியின் தளிரை ஆண்டுதோறும் ஒரு புழு வந்து தின்றுவிடுகிறது. இளமையில் அது பறவையின் எச்சம் போலக் கிடக்கும். வளர்ந்தபின் இலைப்பச்சை நிறங்கொள்ளும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து செந்நிறக் கொம்பிரண்டை நீட்டி நாற்றம் வீசும். நம் இல்லத்தரசிகள் அதைக் கிள்ளி எறிவதே வழக்கம்.

சென்ற மழைக்காலத்தில் நம் சிறுவர் சிலர் அத்தகைய புழுக்களிரண்டை ஒரு புட்டியிலிட்டு வளர்த்தனர். ஒன்று, கரிய இறகில் வெண்புள்ளி வரிசை கொண்ட வண்ணத்துப்பூச்சியாயிற்று. மற்றொன்றோ செம்புள்ளிகள் தாங்கி வேறு சாதி போலத் தோன்றிற்று. கைப்பேசியில் நிழற்படம் எடுத்து அனுப்பினார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வந்தது. கருவி பிழை செய்துவிட்டதென்று சிறுவர் சாதித்தனர். இம்முறை பிழை சிறுவருடையது. ஆயினும் அது பெரியோர் செய்த பிழையேயாம். விலங்குகளுக்கும் செடிகளுக்கும் ஈரடுக்குப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், 1758-இல் வெண்புள்ளி ஆணுக்குப் பாம்மன் என்றும் செம்புள்ளிப் பெண்ணுக்குப் பாலிடஸ் என்றும் இரு பெயர் சூட்டினார். இரண்டும் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணுமே என்று வாலஸ் என்னும் அறிஞர் 1865-இல் விளக்கும்வரை நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அப்பெண், ஆடுதீண்டாப்பாளையைத் தின்று நஞ்சேறிய வேறொரு வண்ணத்துப்பூச்சியைப் போல வேடம் பூண்டு பறவைகளுக்குத் தப்புகிறது. பறவைகளை ஏய்க்கும் வேடம் பேராசிரியரையும் ஏய்த்ததில் வியப்பில்லை.

லின்னேயஸின் மாணாக்கருள் ஒருவர் தமிழ்நாட்டுக்கே வந்தார். அவர் பெயர் யோஹன் கெர்ஹார்ட் கோனிக். 1768-இல், டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியில் மிஷன் வைத்தியராக வந்திறங்கிய அவர், பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றினார். தஞ்சைப் பக்கத்துக் கரையான்களைப் பற்றி 1779-இல் ஒரு கட்டுரையும் வெளியிட்டார். நாம் நாள்தோறும் தாளிக்கும் கறிவேப்பிலையின் சாத்திரப் பெயரில் 'கோனிகி' என்று வருவது இவர் பெயரே. ஆசிரியரான லின்னேயஸ் சூட்டிய சிறப்பு அது.

கோனிக் பிடித்து உலர்த்திய பூச்சிகள் கப்பலேறி ஐரோப்பா சென்றன. அங்கே அவற்றுக்குப் பெயரிட்டவர்களுள் தலையாயவர் லின்னேயஸின் மற்றொரு மாணாக்கரான பாப்ரீஷியஸ். ஏறத்தாழப் பதினாயிரம் பூச்சிகளுக்குப் பெயரிட்ட அவர் நம் நாட்டை மிதித்தவரல்லர். கையில் உள்ளது காய்ந்த உடல்; கூட வந்த செய்தியோ பல சமயம் 'இந்தியா' என்னும் ஒரு சொல்லே. அது தரங்கம்பாடிக் கடற்கரையா, மேற்கு மலைச் சோலையா, எந்த மாதம், எந்தச் செடி என்பன யாவும் கடலில் போயின. 2019-இல் தமிழக அரசு மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த 'தமிழ் மறவன்' கூட 1787-இல் பாப்ரீஷியஸ் கையில் தாயிஸ் என்று கிரேக்கப் பெண்ணொருத்தியின் பெயர் பெற்றதேயாகும்.

பெயர் பிழைத்தால் என்ன நேரும் என்று கேட்போருக்கு, நம்மில் பலர் விடுமுறை நாளில் உலாவி வரும் சிப்பூர்த் தாவரத் தோட்டமே விடை சொல்லும். அக்காலத்தில் உயர்ந்த செஞ்சாயம் மெக்ஸிகோ நாட்டில் சப்பாத்திக்கள்ளியின்மீது வாழும் காச்சினீல் என்னும் சிறு பூச்சியை உலர்த்திப் பெறப்பட்டது. அவ்வாணிபம் முழுதும் ஸ்பானியர் கையில். கம்பெனியார் அதனை இங்கே வளர்க்க ஆசை கொண்டனர். சென்னையில் வைத்திய அதிகாரியாயிருந்த டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்ஸன், 1786-இல் ஒரு புல்லின்மீது அதனை ஒத்த பூச்சியைக் கண்டு, லண்டனிலிருந்த ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அது காச்சினீல் அன்று. மனம் தளராத ஆண்டர்ஸன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே வைத்தார்.

1795-இல் காப்டன் நீல்ஸன் என்னும் படை அதிகாரி, பிரேஸில் நாட்டு ரியோ டி ஜனைரோ துறைமுகத்திலிருந்து சில பூச்சிகளைக் கொணர்ந்து கல்கத்தாவில் சேர்த்தார். சிப்பூர்த் தோட்டத்தில், கோனிக்கின் நண்பராயிருந்த ராக்ஸ்பரோ அவற்றை ஏற்று வளர்த்தார். உண்மையான காச்சினீலின் உடல்மேல் மாவு தூவினாற்போல் மெழுகு படிந்திருக்கும். வந்ததோ பஞ்சு போர்த்தியது. ஒரே குடும்பம், வேறு இனம். சாயம் மட்டம். ஆனால் அது இங்கு வேலிக்கென வளர்த்திருந்த ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியை வேரோடு அழித்துவிட்டது. சாயத்துக்கு வந்தது களையழிக்கும் கருவியாயிற்று. அதன் குணம் அறிந்தே 1836-38 ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் கொண்டு சென்றனர். பூச்சியைக் கொண்டு களையை அழிக்க மனிதர் வேண்டுமென்றே செய்த முதல் முயற்சிகளுள் இதனைச் சேர்த்துச் சொல்வர்.

தெற்கே பரவியிருந்த மற்றொரு வகைக் கள்ளியை மட்டும் அது தீண்டவே இல்லை. அதற்கு வேறொரு பஞ்சுப் பூச்சியை 1926-இல் இலங்கையிலிருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் சில ஆண்டுகளில் ஊர்ப்புறங்களை அடைத்திருந்த கள்ளிக்காடு கரைந்தது. கள்ளிக்காடு அழிந்த கதையை நம் பாட்டன்மார் வாயாற் கேட்டவர் இச்சபையிலும் இருக்கக்கூடும். பூச்சி எது என்று அறிந்தால் மட்டும் போதாது, செடி எது என்றும் அறிய வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று நாம் கண்டதில்லை. வேடிக்கை என்னவெனில், தென்னமெரிக்காவில் பிறந்து 1795-இல் வங்காளம் வந்த அப்பூச்சிக்கு, இலங்கையில் கண்டெடுக்கப்பட்ட காரணத்தால், 1896-இல் 'ஸெய்லானிகஸ்' என்று பெயரிட்டார்கள். இன்றும் அப்பெயரே வழங்குகிறது.

இனி ஒரு குமாஸ்தாவின் கதை. லயனல் டி நிஸெவில் என்னும் ஆங்கிலேய இளைஞர் 1870-இல் இந்தியா வந்து அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தார். 1881 முதல் அலுவல் போக எஞ்சிய நேரமெல்லாம் வண்ணத்துப்பூச்சிகளுக்கே செலவாயிற்று. மார்ஷல் என்னும் படைப்பொறியாளருடன் அவர் தொடங்கி, பின் தனித்து நடத்திய பெருநூல் 1882 முதல் 1890 வரை மூன்று பாகங்களாக வெளிவந்தது. நமக்கு அந்நூலினும் பெரிதாகத் தோன்றுவது அவர் கல்கத்தாவில் புழு வளர்த்த செயலே.

அந்தி மயங்கும் வேளையில் விளக்கடியில் வந்து மோதும் பழுப்பு வண்ணத்துப்பூச்சியை யாவரும் கண்டிருப்போம். மழைக்காலத்தில் அதன் இறகின் அடிப்புறத்தில் கண் போன்ற வட்டங்கள் தெளிவாக நிற்கும். வறண்ட காலத்திலோ கண்கள் மறைந்து சருகு போலவே இருக்கும். கண்ணுள்ளதற்கு லீடா, கண்ணில்லாததற்கு இஸ்மீன் என இரு பெயர்கள் வழங்கின. டி நிஸெவில் முட்டையிலிருந்து புழுவைப் புல்லூட்டி வளர்த்து, இரண்டும் ஒரே இனத்தின் பருவக்கோலங்களே என்று 1886-இல் வங்காள ஆசியாடிக் சங்கத்தின் சஞ்சிகையில் எழுதினார். அலுவலகத்தில் கோப்பை மூடிவிட்டு வீடு திரும்பும் குமாஸ்தா, சட்டையைக் கழற்றுமுன் புழுவுக்குப் புல் பறிக்கும் காட்சி நமக்கு எளிதில் புலனாகிறது. 1901-இல் அரசாங்கப் பூச்சியியலார் என்னும் பதவி அவரைத் தேடி வந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மலேரியாக் காய்ச்சல் கல்கத்தாவில் அவர் உயிரைக் கொண்டு போயிற்று.

இன்று ஊசியும் புட்டியும் இல்லாமல், உயிரைக் கொல்லாமல், நிழற்படத்தால் அவ்வேலையைச் செய்ய முடிகிறது. கலிபோர்னியாவில் 2008-இல் மாணவர் சிலர் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற ஏற்பாடுகளில் எவரும் படம் அனுப்பலாம். பார்த்தவருள் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் ஒத்துக்கொண்டால் பெயர் நிற்கிறது. ஒரு வகையில் நம் சிறுவர் பாப்ரீஷியஸை விடப் பேறு பெற்றவர்: அவருக்குக் கிட்டாத இடமும் நாளும் நாழிகையும் படத்தோடு தாமே பதிகின்றன. மற்றொரு வகையில் குறைவு: பல வண்டுகளையும் ஈக்களையும் இனம் பிரிக்கும் அடையாளம் உடலுக்குள்ளே மறைந்திருப்பதால், உருப்பெருக்கியின் கீழ் அறுத்துப் பார்த்தன்றிக் கூற இயலாது. அத்தகைய படத்துக்குக் குடும்பப் பெயரளவில் நின்றுவிடும் விடையே நேர்மையான விடை. இறகின் மேற்புறம் மட்டும் எடுத்துவிட்டு, அடிப்புறத்தையும் அமர்ந்த செடியையும் விட்டுவிடுவது நம் சிறுவர் அடிக்கடி செய்யும் தவறு. நாமும் செய்ததுண்டு. சென்ற கார்த்திகையில் வராந்தா விளக்கடியில் ஒரு சருகுப் பூச்சியைப் படம் எடுத்தோம். மங்கிய அப்படத்தைக் கொண்டு அது லீடாவா, அதனை ஒத்த கரும்பழுப்பு உறவினனா என்று எவராலும் துணிந்து கூற முடியவில்லை.

புட்டியில் வளர்த்த சிறுவரோ மூன்றாவது புழுவுக்கு அலைகின்றனர். பாலிடஸ் பெண்ணுக்கு ஆணைப் போலவே கருப்பும் வெண்புள்ளியுமாய் இன்னொரு கோலமும் உண்டென்று அவர்களுக்குச் சொல்லிவிட்டோம். அதையும் வளர்த்துப் பார்த்தாலொழிய நம்பமாட்டார்களாம். இல்லத்தரசிகளிடம் பேச்சு நடந்து, தண்ணீர்க் குழாயருகே உள்ள செடியில் தெற்குக் கிளை ஒன்றை மட்டும் புழுவுக்கு விட்டுக்கொடுக்க இசைந்திருக்கிறார்கள்.